உடைந்த பிராக்கெட்டை மாற்றும் முன் ஃபிரிட்ஜின் காலைப் பாருங்கள்

ஃபிரிட்ஜ் கதவு தொங்குகிறது என்று கூப்பிடுகிறவர்களில் பலர், நான் போய்ச் சேருவதற்குள் மேல் கீலை வாங்கி வைத்துவிடுகிறார்கள். "இதை மாட்டிவிட்டால் போதும்" என்று பையை நீட்டுவார்கள். நான் அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, தரையில் குந்தி, பெட்டியின் அடியில் டார்ச் அடிப்பேன். பல நேரம் முன்பக்கக் கால்களில் ஒன்று தரையைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கும். அந்தக் காலைத் திருகி இறக்கினால் கதவு தன் இடத்துக்கு வந்துவிடும். புதிய கீல் பையிலேயே இருக்கும்.

எப்போதும் அப்படி எளிதாக முடிவதில்லை. கீலும், அதன் முளை நுழைந்து சுழலும் புஷ்ஷும், தட்டைத் தாங்கும் பிராக்கெட்டும் உண்மையிலேயே உடையத்தான் செய்கின்றன. ஆனால் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்த வேலையைச் செய்ததில் எனக்கு ஒரு பழக்கம் படிந்துவிட்டது: உடைந்த துண்டைக் கையில் எடுத்ததும், இதை உடைத்தது எது என்று தேடுவேன். அடி வாங்கியது ஒன்று, அடித்தது வேறொன்று. அடித்ததைக் கண்டுபிடிக்காமல் புதியதை மாட்டினால் அதே இடத்தில் அதே மாதிரி மறுபடியும் உடையும். பழி மட்டும் புதிய துண்டின்மேல் விழும்.

பாரம் எங்கே இறங்குகிறது

மேல் கீல்தான் கதவைச் சுமக்கிறது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பெரும்பாலான ஃபிரிட்ஜ்களில் அது சுமப்பதில்லை. கதவு கீழ்க் கீலின் முளைமேல் உட்கார்ந்திருக்கிறது. மொத்த எடையும் அங்கேதான் இறங்குகிறது. மேல் முளை கதவு சாயாமல் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். மேலும் கீழுமாக இரண்டு கதவுள்ள பெட்டியில் மேல்கதவு நடுக் கீலின்மேல் உட்காரும். அந்த நடுக் கீல் பாவம், மேல்கதவைச் சுமந்துகொண்டே கீழ்க்கதவின் தலையையும் பிடித்துக்கொள்ள வேண்டும். அது வளைவதற்குக் காரணம் கேட்க வேண்டியதில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கதவு 12 கிலோ, அதன் தட்டுகளில் பாட்டில்களும் மற்றவையும் சேர்ந்து 8 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பதால் இந்த எட்டு கிலோ வெகு சீக்கிரம் சேர்ந்துவிடும். கதவின் அகலம் 60 சென்டிமீட்டர்; எடையின் நடு, கீலிலிருந்து சுமார் 30 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும். இரண்டு கீல்களுக்கும் நடுவே 120 சென்டிமீட்டர். 20-ஐ 30-ஆல் பெருக்கி 120-ஆல் வகுத்தால் 5. அதாவது கீழ்க் கீல் 20 கிலோவைச் சுமக்கும்போது மேல் கீலை 5 கிலோ பக்கவாட்டில் இழுக்கிறது. கதவு திறக்கத் திறக்க அந்த இழுப்பின் திசையும் கூடவே சுழல்கிறது. கீல் திருகுகள் தளர்வதும், முளை நுழையும் துளை முட்டை வடிவில் தேய்வதும் இதனால்தான்.

எனவே கதவு தொங்கினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது கீழ்ப்பக்க புஷ்ஷை. நைலானால் செய்த, விரல்நுனி அளவேயான துண்டு. பல மாதிரிகளில் இது ஜோடியாக வரும்: ஒன்று கதவின் அடியில், மற்றொன்று கீலின்மேல். இரண்டின் முகமும் சரிவாக இருக்கும். கதவைத் திறக்கும்போது ஒரு சரிவு மற்றதன்மேல் ஏறிக் கதவைச் சில மில்லிமீட்டர் தூக்குகிறது. கையை விட்டதும் கதவு தன் எடையாலேயே இறங்கி மூடிக்கொள்கிறது. முன்பெல்லாம் தானாக மூடிய கதவு இப்போது பாதியிலேயே நின்றுவிடுகிறது, திறக்கும்போது "டக்" என்று ஒரு சத்தம் வருகிறது என்றால் அந்தச் சரிவு தேய்ந்துவிட்டது என்று பொருள். மாற்றும்போது இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். தேய்ந்த முகத்தோடு புதிய முகத்தைச் சேர்த்தால் புதியதும் விரைவில் பழையது மாதிரி ஆகிவிடும்.

முதலில் மட்டம்

எதையும் கழற்றுவதற்கு முன் ரசமட்டத்தை ஃபிரிட்ஜின் தலையில் வையுங்கள். இடவலமாகக் குமிழ் நடுவில் நிற்க வேண்டும். முன்பின்னாகப் பார்த்தால் முன்பக்கம் ஓர் இழை உயர்ந்திருக்க வேண்டும். 6 மில்லிமீட்டர் அளவுக்கு உயர்த்தி வைத்தால் கதவு தானாகப் பின்னோக்கிச் சாய்ந்து மூடும். நான்கு கால்களும் தரையில் அழுந்தி நிற்கின்றனவா என்பதற்கு, பெட்டியின் மேல் மூலைகளைக் குறுக்காகப் பிடித்து மெல்ல ஆட்டிப் பாருங்கள். ஒரு கால் அந்தரத்தில் இருந்தால் பெட்டியே முறுக்கிக்கொண்டு நிற்கும். தகட்டுப் பெட்டிதானே, இரும்புப் பாளம் இல்லை. பெட்டி முறுகினால் கதவுச் சட்டமும் கோணும். நீங்கள் கீலைக் குறை சொல்வீர்கள்.

காலைத் திருக வேண்டுமானால் ஒருவர் பெட்டியின் மேற்பகுதியைச் சற்றே பின்னுக்குத் தள்ளிப் பிடிக்கட்டும். பாரத்தோடு திருகினால் மரை அறுந்துவிடும். எம் 8 அளவுள்ள, அதாவது 8 மில்லிமீட்டர் விட்டமுள்ள கால் என்றால் ஒரு முழுச் சுற்றுக்கு 1.25 மில்லிமீட்டர் உயரும். அரைச் சுற்று சுற்றி, கதவைப் பார்த்து, மறுபடி அரைச் சுற்று. பக்கம் பக்கமாக இரண்டு கதவுள்ள பெட்டிகளில், இரண்டு கதவுகளின் மேல் விளிம்பும் ஒரே கோட்டுக்கு வருவதை இப்படிக் கண்ணாலேயே பிடித்துவிடலாம்.

மட்டம் சரியாகியும் கதவு தொங்குகிறதா? கதவைப் பாதி திறந்து, கைப்பிடிப் பக்கத்துக் கீழ் மூலையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் கண்ணை அந்த ஆட்டத்தின் பின்னாலேயே கொண்டுபோங்கள். கீல் தகடே பெட்டியை விட்டு அசைகிறதென்றால் திருகு தளர்ந்திருக்கிறது. தகடு அசையாமல் முளை மட்டும் ஆடினால் புஷ் போய்விட்டது. இரண்டும் அசையாமல் கதவின் அடித்தகடு விரிகிறதென்றால் கதவே பிளந்திருக்கிறது; அதற்கு எந்தப் பிராக்கெட்டும் மருந்தில்லை.

எதைக் கேட்டு வாங்குவது

உடைந்த துண்டைப் படம் பிடித்து "இது மாதிரி ஒன்று" என்று கேட்பது வீண்வேலை. பார்வைக்கு ஒன்றாகவே இருக்கும் இரண்டு கீல்களில் முளையின் நீளம் 2 மில்லிமீட்டர் வேறுபட்டாலே கதவு தட்டும். மாதிரி எண் ஒட்டியிருக்கும் சீட்டைத் தேடுங்கள். உள்ளே பக்கச் சுவரில், காய்கறிப் பெட்டிக்குப் பின்னால், அல்லது பெட்டியின் முதுகில் இருக்கும். எண்ணை முழுவதுமாக எழுதிக்கொள்ளுங்கள். கடைசியில் சாய்கோட்டுக்குப் பிறகு வரும் இரண்டெழுத்தையும் விட்டுவிடாதீர்கள். ஒரே மாதிரியை உற்பத்தி செய்துகொண்டிருக்கும்போதே நிறுவனங்கள் கீலை மாற்றுவதுண்டு. அந்த மாற்றம் ஒளிந்திருப்பது பெரும்பாலும் அந்த வால் எழுத்துகளில்தான். பழைய பாக எண்ணுக்குப் பதில் வேறு எண்ணில் துண்டு வந்தாலும் பயப்பட வேண்டாம். பழையது நிறுத்தப்பட்டு அதன் இடத்தில் புதியது வந்திருக்கலாம். ஆனால் அப்படித்தானா என்று கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இடது, வலது என்பது பெட்டியின் முன் நின்று பார்ப்பவருக்கு இடது, வலது. இதில் ஒருமுறையாவது ஏமாறாத ஆள் இந்தத் தொழிலில் இல்லை.

எந்தத் துண்டில் சிக்கனம் பார்க்கலாம், எதில் கூடாது என்று கேட்பார்கள். பாரம் சுமக்கும் எதுவும் நிறுவனத்தின் அசல் துண்டாகவே இருக்கட்டும். கீல், சரிவு புஷ், கண்ணாடித் தட்டைப் பிடிக்கும் கொக்கி ஆகியவை அந்த வகை. கதவுத் தட்டின் குறுக்குக் கம்பி, கீல் மூடி, அடிப்பக்க கிரில்லின் கவ்வி போன்றவற்றில் வேறு தயாரிப்பு வாங்கினாலும் குடி முழுகாது. கையில் வெர்னியர் காலிப்பர் இருந்தால், பழைய முளையின் விட்டத்தையும் புதியதன் விட்டத்தையும் கதவைக் கழற்றுவதற்கு முன்பே அளந்துவிடுங்கள். கதவு தரையில் கிடக்கும்போது துண்டு பொருந்தவில்லை என்று தெரிவதைவிடக் கேவலமான நேரம் வேறில்லை.

திருகு விஷயத்தில் நான் கண்டிப்பானவன்

நான் வேலை பழகிய காலத்தில் ஒருநாள், கீலைப் பிடித்திருந்த திருகுகளில் ஒன்றைத் தொலைத்துவிட்டேன். அது 12 மில்லிமீட்டர் நீளம். என் பெட்டியில் கிடந்தது 25 மில்லிமீட்டர். தடிமன் ஒன்றுதானே, நீளமாக இருந்தால் இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும் என்று ஏற்றிவிட்டேன். கடைசி இரண்டு சுற்றில் ஏதோ கொஞ்சம் தடுத்தது. நானும் அழுத்திச் சுற்றினேன். "ஸ்ஸ்ஸ்" என்று ஒரு சத்தம் வந்தது. அரை நிமிடத்துக்குமேல் வந்துகொண்டே இருந்தது. கதவுச் சட்டத்தின் உட்புறமாக வாயுக் குழாய் ஒன்று சுற்றி ஓடுகிறது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. கதவைச் சுற்றியிருக்கும் ரப்பர் பட்டையான கேஸ்கெட் ஒட்டும் இடத்தில் வியர்வை பூக்காமல் இருப்பதற்காக, சூடான வாயுவை அந்த வழியாக அனுப்புகிறார்கள். பல பெட்டிகளில் பக்கச் சுவர்களுக்குள்ளும் இதே போன்ற குழாய்கள் உண்டு. ஃபிரிட்ஜின் பக்கவாட்டைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருப்பது அதனால்தான். கீல் திருகு ஒன்றுக்காக ஒரு முழு ஃபிரிட்ஜ் போயிற்று. எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் திட்டவில்லை. அந்தத் திருகை என் சட்டைப்பையில் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

அன்று அந்தக் குழாயில் இருந்தது ஆர்-12 என்ற குளிரூட்டும் வாயு. ஓசோனுக்குக் கெடுதல், ஆனால் தீப்பற்றாது. இப்போது வருகிற வீட்டு ஃபிரிட்ஜ்களில் பெரும்பாலும் ஆர்-600ஏ, அதாவது ஐசோபியூட்டேன். சமையல் வாயுவின் குடும்பம். கம்ப்ரசரின்மேல் தீச்சுடர் வரைந்த மஞ்சள் முக்கோணம் இருந்தால் அது இதுதான். அளவு குறைவுதான், வீட்டு ஃபிரிட்ஜுக்கான சர்வதேசத் தரவிதி 150 கிராமுக்கு மேல் அனுமதிப்பதில்லை. அதற்காக மூடிய அறையில் அது கசிந்து தேங்கினால் விளையாட்டில்லை. சீறும் சத்தம் கேட்டால் எந்த சுவிட்சையும் தொடாமல் ஜன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். வேலையைத் தொடங்குவதற்கு முன்பே பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வதற்கு, மின்சாரம் தாக்கும் என்பது மட்டும் காரணமில்லை.

ஆகவே: பழைய திருகின் நீளத்தை ஒரு மில்லிமீட்டர்கூடத் தாண்டாதீர்கள். ஃபிரிட்ஜின் உடலில் புதிதாகத் துளை போடவே போடாதீர்கள், உள்ளேயும் சரி, வெளியேயும் சரி. மரை தேய்ந்து திருகு வெறுமனே சுற்றுகிறதென்றால் அதே நீளத்தில் தடிமனை மட்டும் ஒரு படி ஏற்றலாம். தகட்டைத் தானே அறுத்துக்கொண்டு ஏறும் வகைத் திருகில் 4.2 மில்லிமீட்டருக்கு அடுத்தது 4.8. கீல் பொருந்தும் இடத்தில் வெளித்தகட்டுக்குப் பின்னால் தடிமனான இரும்புத் தகடு ஒன்றை வைத்திருப்பார்கள். மரை பிடிப்பது அதில்தான். அந்தத் தகட்டிலேயே மரை முற்றிலும் போய்விட்டதென்றால், அதற்குமேல் உங்கள் திருப்புளியை ஓரம்கட்டிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

அளவுகள் ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. மெட்ரிக் எம் 5 போல்ட்டின் விட்டம் 5 மில்லிமீட்டர், மரை இடைவெளி 0.8. அங்குல முறையில் 10-32 என்று ஒன்று இருக்கிறது, விட்டம் 4.83, இடைவெளி 0.79. மேசைமேல் இரண்டையும் கலந்து போட்டால் எனக்கே கண்ணால் பிரிக்க முடியாது. எம் 5 துளையில் 10-32 சிரமமில்லாமல் ஏறிவிடும், இறுகியது போலவும் தோன்றும். ஆனால் மரைகள் நுனியோடு நுனிதான் பிடித்திருக்கும். கதவை நாலு வாரம் திறந்து மூடினால் கையோடு வந்துவிடும். மாறாக, 10-32 துளையில் எம் 5-ஐ ஏற்றினால் ஒன்றிரண்டு சுற்றிலேயே சிக்கிக்கொள்ளும். அங்கே பலத்தைக் காட்டுகிறவர்கள்தான் மரையை அறுப்பவர்கள். ஸ்பேனரிலும் இதே கதைதான். 5/16 அங்குலத் தலைக்கு 8 மில்லிமீட்டர் ஸ்பேனர் பொருந்திவிடும். ஆனால் 1/4 அங்குலத் தலைக்கு 6 நுழையாது, 7 வழுக்கி மூலைகளை மழுக்கிவிடும்.

பிளாஸ்டிக்கில் ஏறும் திருகை மறுபடி போடும்போது, முதலில் எதிர்த்திசையில் மெல்லச் சுற்றுங்கள். ஓரிடத்தில் "டிக்" என்று சற்றே கீழே விழுவது விரலுக்குத் தெரியும். பழைய மரையின் வாய் அதுதான். அங்கிருந்து வலப்பக்கம் சுற்றினால் திருகு தன் பழைய தடத்திலேயே இறங்கும். நேராக அழுத்திச் சுற்றினால் அது புதிய தடம் வெட்டும்; இரண்டு முறை அப்படிச் செய்தால் துளையில் பிடிப்பதற்கு ஒன்றுமே மிஞ்சாது. மின்திருப்புளியை இந்த வேலைக்குக் கொண்டுவராதீர்கள். மரை கழலாமல் இருக்க இரும்புக்குப் போடும் திரவப் பசையையும் பிளாஸ்டிக்கின் பக்கத்தில் கொண்டுவரக் கூடாது; அது பல பிளாஸ்டிக்குகளில் மயிரிழை விரிசல்களை உண்டாக்கிவிடும். சுவர்ப்பலகைக்கு அடிக்கும் கறுப்புத் திருகும் வேண்டாம். ஈரத்தில் துருப்பிடிக்கும், பக்கவாட்டு விசையில் ஒடியும். துத்தநாகப் பூச்சு உள்ளதோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ போதும்.

கீலையும் புஷ்ஷையும் மாற்றுவது

கதவுத் தட்டுகளில் இருப்பதையெல்லாம் எடுத்துவிடுங்கள். கதவில் தண்ணீர்க் குழாயோ ஒளித்திரையோ இருந்தால், மேல் கீல் மூடியைத் திறந்ததும் உள்ளே கம்பி இணைப்பிகள் தெரியும். அவற்றைப் படம் எடுத்துக்கொண்டு, கம்பியை இழுக்காமல் இணைப்பியின் நாக்கை அமுக்கிக் கழற்றுங்கள். தண்ணீர் வரும் வழியை முன்னமே அடைத்திருக்க வேண்டும்.

அடுத்து கீல் தகட்டைச் சுற்றி பென்சிலால் கோடு போடுங்கள், அல்லது அதன் ஓரத்தை ஒட்டியே ஒட்டுநாடாவை ஒட்டுங்கள். இதைச் செய்யாமல் கழற்றுகிறவர்களை நினைத்தால் எனக்கு ஆயாசமாக இருக்கும். கீலின் திருகுத் துளைகள் வேண்டுமென்றே சற்று நீளமாக வெட்டப்பட்டிருக்கும், கதவை நேராக்குவதற்காக. கோடு இல்லையென்றால் பழைய இடம் எது என்று பிரம்மாவுக்கும் தெரியாது.

கதவை மூடி, கைப்பிடிப் பக்கத்தைப் பெட்டியோடு சேர்த்து அகலமான ஒட்டுநாடாவால் இரண்டு இடங்களில் கட்டுங்கள். இப்போது மேல் கீலைக் கழற்றினாலும் கதவு விழாது. பிறகு இரண்டு பேர் சேர்ந்து நாடாவை எடுத்து, கதவைச் சற்றே சாய்த்து, நேராக மேலே தூக்கினால் கீழ் முளையிலிருந்து வெளியே வரும். முளையின்மேல் மெல்லிய வாஷர்கள் இருக்கும். சில நேரம் அவை கதவின் அடியில் ஒட்டிக்கொண்டு கூடவே வந்து, நாலடி போனதும் விழுந்து உருண்டோடும். தூக்கிய உடனே கதவின் அடியைத் தடவிப் பாருங்கள். எத்தனை வாஷர், எந்த வரிசை என்று குறித்துக்கொள்ளுங்கள். கதவைத் துணி விரித்த தரையில், வெளிப்பக்கம் கீழே இருக்கும்படி படுக்க வையுங்கள்.

பழைய புஷ்ஷை எடுக்க, தட்டையான திருப்புளியின் முனையில் நாடா சுற்றி மெல்ல நெம்புங்கள். அந்தத் துளையில் கறுப்புப் பொடி படிந்திருக்கும். நைலானும் உலோகமும் அரைபட்டுக் கலந்த பொடி. ஈரத்துணியால் நன்றாகத் துடைத்தெடுங்கள், அது புதிய புஷ்ஷுக்கு உப்புத்தாள் மாதிரி. முளையில் விரலை ஓட்டிப் பாருங்கள். தடம் விழுந்து நகம் சிக்கினால் புஷ்ஷை மட்டும் மாற்றிப் பயனில்லை, கீலையும் சேர்த்து மாற்ற வேண்டும். சிலிக்கான் கிரீஸ் ஒரு கடுகளவு போதும். வண்டிக்குப் போடும் பெட்ரோலிய கிரீஸ் உள்சுவர் பிளாஸ்டிக்கை நாளடைவில் வெடிக்கச் செய்யும்.

கதவை மறுபடி உட்கார வைத்து, மேல் கீலின் திருகுகளை முக்கால் இறுக்கத்தில் நிறுத்துங்கள். கோட்டைப் பார்த்துத் தகட்டைப் பொருத்தி, கதவை மூடி, சுற்றிலும் இடைவெளி ஒரே அளவாக இருக்கிறதா என்று பாருங்கள். பிறகுதான் முழு இறுக்கம். கதவு இன்னும் ஓர் இழை தாழ்வாக இருந்தால் கீழ் முளையில் ஒரு வாஷர் சேருங்கள். கீலை வளைத்து நேராக்கும் வித்தையை என்னிடம் கேட்காதீர்கள். ஒருமுறை வளைந்த கீல் மறுபடி வளையும்.

இரண்டு கதவுகள் நடுவில் சந்திக்கும் வகைப் பெட்டியாக இருந்தால், ஒரு கதவின் ஓரத்தில் மடங்கும் பட்டை ஒன்று இருக்கும். கதவை மூடும் முன் அது உள்பக்கமாக மடிந்திருக்க வேண்டும். விரிந்தபடி மூடினால் அந்தப் பட்டையின் பிராக்கெட் அன்றோடு சரி.

தட்டுகள், கொக்கிகள், பசை

உள்ளே உடைவது பெரும்பாலும் கதவுத் தட்டின் குறுக்குக் கம்பியைப் பிடிக்கும் முனைத்துண்டு. குளிரில் பிளாஸ்டிக் இறுகி நொறுங்கும் தன்மை அடைகிறது. பாட்டிலை இழுக்கும்போது கம்பியில் தட்டினால் முனை தெறித்துவிடும். இதைப் பசை போட்டு ஒட்டாதவர்கள் இல்லை, நானும் ஒட்டியிருக்கிறேன். உடனடிப் பசை ஒட்டும், ஆனால் கண்ணாடி போல் இறுகும். குளிரில் அடுத்த தட்டலிலேயே விடும். பாலிபுரோப்பிலீன் வகைப் பிளாஸ்டிக்கில் அதுவும் சரியாகப் பிடிக்காது. சிலிக்கான் பசை பாரம் தாங்காது. பாரம் இல்லாத மூடிக்கு ஒட்டுங்கள், பாட்டிலைத் தாங்கும் துண்டை மாற்றுங்கள்.

கண்ணாடித் தட்டுகள் பின்சுவரில் உள்ள துளைவரிசைத் தகட்டில் கொக்கியால் தொங்கும் வகையாக இருந்தால், ஒவ்வொரு கொக்கியும் ஒரே வரிசைத் துளையில் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். ஒரு பக்கம் ஒரு துளை மேலே மாட்டியிருந்தால் தட்டு சாய்வது தெரியும். ஆனால் கொக்கி முழுவதும் கீழே இறங்காமல் விளிம்பில் தொற்றிக்கொண்டிருந்தால் தெரியாது. மாட்டியதும் தட்டின் முன்விளிம்பை உள்ளங்கையால் ஒருமுறை கீழே அழுத்துங்கள். அந்தத் துளைவரிசைத் தகட்டின் திருகு தளர்ந்திருந்தால் நீளத்தைப் பற்றி மேலே சொன்னதை நினைவில் வையுங்கள். குளிர்க்குழாய்கள் அந்தச் சுவருக்குப் பின்னால்தான் ஓடலாம். உள்சுவரில் விரிசலோ பழைய துளையோ தெரிந்தால் அடைத்துவிடுங்கள். அதன் வழியாக ஈரம் காப்பு நுரைக்குள் புகுந்தால் பனியாக உறையும், சுவர் உப்பும்.

கைப்பிடி ஆட்டம் ஐந்து நிமிட வேலை. கைப்பிடியின் அடிப்பக்கத்தில் ஒரு சிறு துளை இருக்கும், அதற்குள் ஆலன் சாவிக்கான (அறுகோணச் சாவி) திருகு. 3/32 அங்குலமா 2.5 மில்லிமீட்டரா என்று பார்த்துச் சாவியைப் போடுங்கள்; 3/32 என்பது 2.38 மில்லிமீட்டர், அதில் 2 மில்லிமீட்டர் சாவியைப் போட்டுச் சுற்றினால் உள்மூலை மழுங்கிவிடும். இறுக்கியும் ஆடினால் கைப்பிடியை உருவிவிட்டு, உள்ளே கதவில் நிற்கும் முளைகளை இறுக்குங்கள். பெரும்பாலும் ஆடுவது அவைதான்.

சமையலறை அலமாரிக்குள் பதிக்கும் ஃபிரிட்ஜ் என்றால் மரத்தில் ஏறிய திருகுகள்தான் வம்பு. மரத்தூள் பலகையில் துளை தளர்ந்துவிட்டால், மரப்பசை தடவிய மரக்குச்சிகளை அடைத்து, காய்ந்ததும் அதே திருகை ஏற்றுங்கள். நீளத் திருகுக்கு இங்கும் தடை உண்டு. மரத்தைத் தாண்டினால் அது ஃபிரிட்ஜின் கதவுக்குள் போய்விடும்.

கம்ப்ரசரின் நான்கு ரப்பர்கள்

ஃபிரிட்ஜ் ஓடி நிற்கும் நொடியில் ஒரு உதறல் கேட்கிறதா? பின்மூடியைக் கழற்றி, கம்ப்ரசரின் கால்களில் இருக்கும் ரப்பர் தாங்கிகளைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். அவை அமுங்க வேண்டும். மரக்கட்டை போல இருந்தால் மாற்றும் வேளை வந்துவிட்டது. நான்கையும் மாற்றுங்கள், ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றுதான். கம்ப்ரசரை அந்த மூலையில் மட்டும், ரப்பர் வெளியே வரும் அளவுக்கு மெல்லத் தூக்குங்கள். அதோடு இணைந்த செம்புக் குழாய்கள் ஏற்கெனவே அதிர்ந்து அதிர்ந்து இறுகியவை, வளைத்தால் மடிந்துவிடும் அல்லது விரிசல் விடும். இப்போதுதான் அணைத்த கம்ப்ரசர் கையைச் சுடும், அரைமணி நேரம் பொறுங்கள்.

இந்த போல்ட்டை முறுக்கி இறுக்கிவிடுவதுதான் நான் பார்க்கும் பொதுவான தவறு. ரப்பர் நசுங்கிப் பலகை ஆகும் அளவுக்கு இறுக்கினால் அது இல்லாததற்குச் சமம். அதிர்வு நேராகப் பெட்டிக்குள் போகும். போல்ட்டுக்கும் ரப்பருக்கும் நடுவே உலோகக் குழல் ஒன்று இருந்தால் அதைத் தொலைத்துவிடாதீர்கள். இறுக்கத்துக்கு எல்லை அதுதான். கம்ப்ரசரை விரலால் தள்ளினால் அது லேசாக ஆட வேண்டும்.

கவிழாமல் பிடிக்கும் பிராக்கெட்

பெரிய பெட்டிகளோடு இது பையில் வரும், பலர் பையோடு எறிந்துவிடுவார்கள். கதவுகளில் பாட்டில்களை நிரப்பி இரண்டு கதவையும் அகலத் திறந்தால் பாரத்தின் நடு முன்னுக்கு வருகிறது. அந்த நேரம் ஒரு குழந்தை கீழ்த்தட்டில் ஏறினால் பெட்டி முன்னுக்குச் சாய அதற்குமேல் அதிகம் தேவைப்படாது. உங்கள் மாதிரிக்கு இது கொடுக்கப்பட்டிருந்தால் கண்டிப்பாக மாட்டுங்கள். தரையிலோ சுவரிலோ அந்தந்தப் பரப்புக்கு ஏற்ற ஆணிப்பிடிப்போடு பிராக்கெட்டைப் பொருத்தி, பெட்டியை உள்ளே தள்ளும்போது அதன் பின்சக்கரமோ காலோ அதற்குள் போய் நுழைய வேண்டும். துளை போடும் முன் அந்தச் சுவரில் மின்கம்பியும் தண்ணீர்க் குழாயும் போகவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். தரையைத் துடைக்க ஒவ்வொரு முறை பெட்டியை வெளியே இழுக்கும்போதும் அது கழன்றுவிடும். திரும்பத் தள்ளியபின் மேல்பகுதியைப் பிடித்து முன்னால் இழுத்துப் பாருங்கள், பிடித்துக்கொள்ள வேண்டும்.

வேலை முடிந்ததும் கேஸ்கெட்டுக்கு நடுவே ஒரு தாளை வைத்துக் கதவை மூடி, உருவிப் பாருங்கள். சுற்றிலும் பத்து இடங்களில் இப்படிச் செய்யுங்கள். ஒவ்வொரு இடத்திலும் லேசாக இழுபட்டு வர வேண்டும். கதவு நேரான பிறகு பழைய கோணலில் பழகிய கேஸ்கெட் ஒரு மூலையில் ஒட்டாமல் நிற்கலாம். முடி உலர்த்தும் கருவியால் அந்த மூலையைச் சூடாக்கி, இழுத்து விட்டு, கதவை மூடி வையுங்கள். பாட்டில்களை அடுக்கும்போது கனமானவற்றைக் கீல் பக்கமாகத் தள்ளி வையுங்கள். இழுப்பு அந்த அளவுக்குக் குறையும். மறுநாள் கீல் திருகுகளில் இன்னொரு முறை திருப்புளியை வைத்துப் பாருங்கள், முழு பாரத்தோடு ஓர் இரவு நின்றபின் கால் சுற்று இடம் கொடுக்கும். பழைய வாஷர்களை எறியாமல், மாதிரி எண் எழுதிய சிறு உறையில் போட்டுக் கீல் மூடிக்குப் பின்னால் ஒட்டிவையுங்கள். அடுத்த தடவை திறப்பவர் நானாகவும் இருக்கலாம்.